கலிவிக்கோடியை முதலில் கண்டவர் யார்?

ஆந்திர மாநிலம் கடப்பா மாவட்டத்து முட்காடுகளுக்கு உரிய பறவை ஒன்று உண்டு. சுமார் 27 செ.மீ. நீளம், பழுப்பு நிறம், மார்பில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். சென்னை ராணுவத்தில் மருத்துவராயிருந்த ஜெர்டானின் பெயரால் நூல்களில் இதை 'ஜெர்டான் கோர்சர்' என்பர். அப்பகுதி மக்கள் வைத்த பெயர் கலிவிக்கோடி. அதாவது களாப்புதர்க் கோழி.

1848-இல் நூலேறிய இப்பறவையை 1900-க்குப் பின் எவரும் கண்டதாகப் பதிவில்லை. பூண்டோடு அற்றுவிட்டது என்றே பறவை நூலோர் பலர் எண்ணினர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பரத் பூஷண், கிராமங்களில் படத்தைக் காட்டி விசாரித்துத் தேடினார். 1986 ஜனவரியில் உள்ளூர்ப் பறவை பிடிப்பவர் ஒருவர், இரவில் விளக்கொளியில் கண்டு அதைக் கையால் பிடித்தே விட்டார். 86 ஆண்டுகளுக்குப் பின் உலகம் வியந்தது. பிடிபட்ட பறவை பிழைக்கவில்லை என்பது வருத்தமே.

இது இரவில் தரையில் ஓடி இரை தேடும் பறவை. பகலில் தேடியவர் கண்ணில் எப்படிப் படும்? இரவில் காட்டில் நடப்பவருக்கு அது தெரிந்திருந்தது. ஆயினும் 'கண்டுபிடித்தவர்' என்ற பெயர் வழக்கம்போல் படித்தவருக்கே போகிறது.

பின்னாளில் ஆய்வாளர்கள் புதர்களுக்கிடையே மென்மண்ணைப் பரப்பி வைத்து, காலையில் கால்தடம் பார்த்து இதன் நடமாட்டத்தை அறிந்தனர். அடர்ந்த காடும் இதற்கு ஆகாது, வெட்டவெளியும் ஆகாது. இடைவெளி விட்ட புதர்க்காடே வேண்டும் எனத் தெரிந்தது. அளவான மேய்ச்சலும் விறகு வெட்டும் அந்த இடைவெளியைக் காக்கக்கூடும். மிஞ்சினால் புதரே போய்விடும். எனவே ஆடு மேய்ப்பவரை அடியோடு விரட்டுவது சரியான வழியன்று.

இத்தகைய நிலத்தைக் கணக்கில் 'தரிசு' என்று எழுதிவிடுவதில்தான் கேடு தொடங்குகிறது. தரிசு என்றால் யாரும் எதற்கும் தோண்டலாம். சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் வேலையில், 2005-இல் இப்பறவையின் முட்காட்டில் ஒரு பகுதி அழிந்தது. எதிர்ப்புக்குப் பின்னரே பாதை மாற்றப்பட்டது. தண்ணீரின் அருமை உழவருக்குத் தெரியாததல்ல. கால்வாய் வேண்டாம் என்பதும் பேச்சல்ல. அளவுக்கோல் நடுவதற்கு முன்பே அங்கு மேய்ப்பவர்களை விசாரித்திருந்தால் செலவும் மிச்சம், புதரும் மிச்சம்.

பல ஆண்டுகள் தகவலின்றி இருந்தபின், 2025 ஆகஸ்டில் ஆந்திரத்தில் பறவை ஆர்வலர்கள் சிலர் இரவில் இதன் குரலைப் பதிவு செய்தார்கள். இனிக் காவல் பற்றிப் பேச்சு எழும். வேலி போடுவதற்கு முன், சுற்றுக் கிராமங்களின் மேய்ப்பர்களுக்கும் முன்னாள் பறவை பிடிப்போருக்கும் கூலி தந்து இரவுக் கண்காணிப்பில் அமர்த்த வேண்டும். அவர்கள் பெயர் பதிவேட்டிலும் ஏற வேண்டும்.