மதிப்பீட்டைக் கற்பிக்கும் தேர்வு: துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

பி.எட். படிப்பில் ‘கற்றலுக்கான மதிப்பீடு’ பற்றி ஒரு தாள் உண்டு. மாணவர் கற்றுக்கொண்டிருக்கும்போதே அவரைக் கவனித்து, குறையைச் சொல்லித் திருத்திக்கொள்ள இடமளிக்கும் வளரறி மதிப்பீடும், பாடம் முடிந்தபின் கற்றதை அளக்கும் தொகுத்தறி மதிப்பீடும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை அத்தாள் விளக்குகிறது. ஆயினும் அதைப் பயிலும் மாணவாசிரியரின் தேர்ச்சி, மூன்று மணி நேரத்தில் அவர் எழுதும் விடைத்தாளைக் கொண்டே பெரிதும் முடிவாகிறது. வளரறி மதிப்பீட்டுக்கு ஒருமுறையேனும் உட்படாத ஒருவர், அதைத் தம் வகுப்பில் நடத்த இயலாமல் பழைய வழிக்கே திரும்புவது இயல்பு. இந்தக் குறையைத் திருத்தும் வழிகளுள் ஒன்று, பின்லாந்தில் கல்வியியல் பயிலச் செல்லும் தமிழ் மாணவாசிரியரின் அனுபவத்தில் தெளிவாகப் புலப்படுகிறது.

அங்குப் பள்ளி ஆசிரியருக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்னும் விதி 1979இல் வந்தது. பல்கலைக்கழகப் பாடங்களுக்கு 0 முதல் 5 வரை தரம் இடப்படுகிறது. 0 தேர்ச்சியின்மை, 1 குறைந்த அளவுத் தேர்ச்சி. பல பாடங்களில், கேமரா கண்காணிப்புள்ள கணினி அறையில் மாணவரே தமக்கு ஏற்ற நாளையும் நேரத்தையும் முன்பதிவு செய்து தேர்வெழுதலாம். தவறினால் மறுபடி எழுதுவதும் வழக்கமானதே. தேர்வு நாளைச் சூழ்ந்த அச்சம் இதனால் பெரிதும் தணிகிறது.

உண்மையான சோதனை, தேர்வே இல்லாத பாடங்களில்தான் தொடங்குகிறது. அவற்றுள் பலவற்றுக்குக் கற்றல் நாட்குறிப்பு கேட்கப்படுகிறது. வாசித்த கருத்து எது, அது எங்கே விளங்கவில்லை, முன்பு நம்பியிருந்த எதை அது மாற்றியது என்று மாணவரே வாரந்தோறும் எழுதிச் செல்லும் பதிவு அது. பாடநூல் வரிகளை வழுவாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிப் பழகியவர், அதே திறமை அங்கே கருத்துத் திருட்டாகக் கொள்ளப்படும் என்று அறியும்போது நிலைகுலைகிறார். மேற்கோளைச் சுட்டுவதும் பிறர் கருத்தைத் தம் சொல்லில் தொகுப்பதும் நம் பள்ளியிலோ பட்டப்படிப்பிலோ முறையாகக் கற்பிக்கப்படாதவை. ஆகவே அவருடைய தடுமாற்றத்தை நேர்மைக் குறைவாகக் கொள்வது அநீதி. அதைவிடக் கடினமானது தன்மதிப்பீடு. தம் வேலைக்குத் தாமே தரம் முன்மொழிந்து காரணம் எழுதச் சொன்னால், தம்மைப் புகழ்வது தகாது என்று வளர்ந்தவர் கை தயங்குகிறது.

பல்கலைக்கழகங்களோடு இணைந்த பயிற்சிப் பள்ளிகளில் நடைபெறும் கற்பித்தல் பயிற்சிக்கோ, பெரும்பாலும் எண்ணே இடப்படுவதில்லை. தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்னும் இரண்டோடு அது நின்றுவிடுகிறது. பாடத்திட்டத்தை முன்கூட்டியே வழிகாட்டி ஆசிரியருடன் பேசி, வகுப்பு முடிந்ததும் அவருடனும் உடன்பயில்வோருடனும் அமர்ந்து, எந்த மாணவர் எந்த இடத்தில் பின்தங்கினார் என்று ஆராய்வதே அங்கு மதிப்பீடு. தம் வகுப்பைப் பற்றி முதலில் பேச வேண்டியவர் பெரும்பாலும் பயிற்சி பெறுபவரே. மதிப்பெண் இல்லாததால் அங்கே குறையை ஒப்புக்கொள்வதில் இழப்பில்லை; இதுவே அம்முறையின் மிகச் சிறந்த கூறு எனலாம்.

இங்கோ, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 நெறிமுறைகள், பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கி, 20 வாரப் பள்ளி அனுபவத்தைக் கட்டாயமாக்கின. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டுக்கு உரியது. இவ்வளவு நீண்ட காலம் கிடைத்தும், மாணவாசிரியரின் உழைப்பில் பெரும்பகுதி செய்முறைத் தேர்வுக் குழுவின் பார்வைக்காகப் பதிவேடுகளை அழகுற எழுதி, அட்டையிட்டு, கையொப்பம் வாங்குவதில் கரைகிறது. மூத்தவர்களின் பதிவேட்டைப் பார்த்து எழுதும் வழக்கம் ஊரறிந்தது. அந்தப் பதிவேட்டில் மாணவாசிரியர் கற்பித்த குழந்தைகளைக் காண முடிவதில்லை.

சுமார் 56 இலட்சம் மக்கள் வாழும் ஒரு நாட்டின் ஏற்பாட்டை அப்படியே இங்கு நடுவது இயலாது. அப்படிக் கோருவதும் இம்மடலின் எண்ணமன்று. புற மதிப்பீட்டை நீக்கினால் அக மதிப்பெண் தாராளமாக வழங்கப்படும் என்ற அச்சத்திலும் நியாயம் உண்டு. எனவே எழுத்துத் தேர்வைத் தொடாமல், அந்த 16 வாரத்தில் மட்டும் மாற்றத்தைத் தொடங்கலாம். பதிவேடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு கற்றல் நாட்குறிப்பையும், வாரம் ஒருமுறை வழிகாட்டி ஆசிரியருடன் நிகழும் உரையாடலின் குறிப்பையும் அவற்றின் இடத்தில் வைக்கலாம். செய்முறைத் தேர்வுக்கு வருவோர் அந்த நாட்குறிப்பிலிருந்தே வினா எழுப்பினால், பார்த்து எழுதியவர் விடை சொல்ல இயலாது.

இதற்குப் பள்ளியில் இருக்கும் வழிகாட்டி ஆசிரியருக்கு நேரம் வேண்டும். தம் முழுப் பாடவேளைகளையும் நடத்திவிட்டு, மாணவாசிரியரோடு அமர அவருக்கு ஓய்வுவேளை தவிர வேறு பொழுதில்லை. வாரத்தில் இரண்டு பாடவேளையை அவருக்கு இப்பணிக்கென ஒதுக்குமாறு பள்ளிக்கல்வித் துறையுடன் தாங்கள் பேச வேண்டும். அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் நாட்குறிப்பும் பார்த்து எழுதப்படும் இன்னொரு பதிவேடாகவே மாறிவிடும்.