ப்ளஸ் டூ-வுக்குப் பிறகு: ‘44 லட்சம் பேக்கேஜ்’ விளம்பரத்தைத் தாண்டி என்ன பார்க்க வேண்டும்?

ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே பெற்றோரின் போன் ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. ‘இந்த வாரத்துக்குள் சீட்டை உறுதி செய்தால் கட்டணத்தில் சலுகை’ என்கிறது ஒரு குரல். ‘கம்ப்யூட்டர் சயின்ஸில் சில இடங்கள்தான் பாக்கி’ என்கிறது இன்னொரு குரல். பதற்றத்தில் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிய பிறகுதான், ‘இன்னும் நாலு இடத்தில் விசாரித்திருக்கலாமோ’ என்ற பேச்சே பல வீடுகளில் எழுகிறது.

தனியார் பல்கலைக்கழகங்களை ஒப்பிடத் தேவையான தகவல்களில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

பட்டம் தருவது யார்?

தமிழ்நாட்டில் தனியார் பல்கலைக்கழகம் என்று பொதுவாகச் சொல்லப்படுபவற்றில் பல, யு.ஜி.சி. சட்டம் 1956-இன் 3-வது பிரிவின்கீழ் வரும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். வி.ஐ.டி., எஸ்.ஆர்.எம்., சாஸ்த்ரா, அமிர்தா, சத்யபாமா ஆகியவை இந்த வகை. சென்னையில் உள்ள சிவ் நாடார், சாய் பல்கலைக்கழகங்கள் மாநிலச் சட்டத்தின் மூலம் உருவானவை. இரண்டு வகையும் தாங்களே பாடத்திட்டம் வகுத்து, தேர்வு நடத்தி, பட்டம் தரலாம். அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த தனியார் கல்லூரியில் படித்தால், பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது.

பெயர் ஒன்றாக இருப்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது. வி.ஐ.டி. போபால், வி.ஐ.டி.-ஏ.பி., எஸ்.ஆர்.எம். ஏ.பி. ஆகியவை அந்தந்த மாநிலங்களில் இயங்கும் தனிப் பல்கலைக்கழகங்கள். வேலூருக்கோ காட்டாங்குளத்தூருக்கோ கிடைத்த தரவரிசையை அவற்றுக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பேக்கேஜ் கணக்கு

விளம்பரத்தில் பெரிதாக இருப்பது அதிகபட்சச் சம்பளம். அது ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்ததாகக்கூட இருக்கலாம். ஐந்து பேருக்கு ஆண்டுச் சம்பளம் 4, 4, 4.5, 5, 44 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 12.3 லட்சம். ஆனால், ஐவரில் நால்வர் அதில் பாதியைக்கூட வாங்கவில்லை. பள்ளிக் கணக்கில் படித்த ‘இடைநிலை அளவு’ இங்கேதான் உதவும். நடுவில் நிற்பவரின் சம்பளமான 4.5 லட்சம்தான் உண்மை நிலைக்கு அருகில் இருக்கிறது.

இந்த இடைநிலைச் சம்பளத்தை மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். இணையதளத்தில் பார்க்கலாம். 2016 முதல் தரவரிசை வெளியிடும் இந்த அமைப்பின் பட்டியலில் இடம்பெறும் கல்வி நிறுவனங்கள் சமர்ப்பித்த விவரங்கள் அங்கேயே பிடிஎஃப் வடிவில் கிடைக்கின்றன. முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று எல்லாம் வரிசையாக இருக்கும்.

ஒரு கல்லூரியில் 1,000 பேர் சேர்ந்து 560 பேர் வேலை பெற்றதாக வைத்துக்கொள்வோம். அரியர் உள்ளவர்கள், குறைந்த மதிப்பெண் பெற்றவர்களை ஒதுக்கிவிட்டு, ‘தகுதி பெற்ற 600 பேரில் 560 பேருக்கு வேலை’ என்று சொன்னால் அது 93 சதவிகிதம். சேர்ந்தவர்களை வைத்துக் கணக்கிட்டால் 56 சதவிகிதம்தான்.

கல்வி நிறுவனத்தின் சொந்த நிதியிலிருந்து முழுக் கல்விக் கட்டணமும் திரும்பப் பெற்ற மாணவர்களின் எண்ணிக்கையும் அதே பிடிஎஃப்-பில் உண்டு. ‘நூறு சதவிகித ஸ்காலர்ஷிப்’ என்ற விளம்பரத்தை அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவை கல்வி நிறுவனங்களே தரும் தகவல்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், சிவில் என்று துறைவாரியாகவும் பிரித்திருக்காது. எனவே, சேரப்போகும் துறையின் கடந்த மூன்று ஆண்டு விவரத்தை நேரில் கேட்க வேண்டும். முடிந்தால் அதே துறையின் இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள்.

நாக் கிரேடு மட்டும் போதுமா?

நாக் தருவது மொத்த நிறுவனத்துக்கான மதிப்பீடு; என்.பி.ஏ. அங்கீகாரம் தனித்தனிப் படிப்புகளுக்கானது. நிறுவனம் ஏ++ பெற்றிருந்தாலும் உங்கள் பிள்ளை சேரும் படிப்புக்கு என்.பி.ஏ. இல்லாமல் இருக்கலாம். இரண்டும் எந்த ஆண்டு வரை செல்லும் என்றும் பாருங்கள். 2025 பிப்ரவரியில், ஆந்திராவைச் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்கு ஏ++ தர லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழு உறுப்பினர்களையே சி.பி.ஐ. கைது செய்தது. கிரேடை மட்டும் நம்பி முடிவெடுப்பது நல்லதல்ல.

முதல் ஆண்டுக் கட்டணம் மொத்தச் செலவல்ல

கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 3 லட்சம், ஹாஸ்டலும் உணவும் 1.5 லட்சம் என்றால் நான்கு ஆண்டுக்கு 18 லட்சம். ஒரே படிப்புக்கே கட்டணம் மாறலாம். வி.ஐ.டி-யில் நுழைவுத்தேர்வு ரேங்க்கைப் பொறுத்து ஐந்து கட்டணப் பிரிவுகள் உண்டு. எந்தப் பிரிவில் இடம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து மொத்தச் செலவில் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும்.

இதில் 10 லட்சத்தைக் கடனாக வாங்கி, 10 சதவிகித வட்டியில் 10 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 13,200 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. 4.5 லட்சம் ஆண்டுச் சம்பளம் என்றால் மாதம் 37,500 ரூபாய். பிடித்தங்களுக்கு முன்பே அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்குப் போய்விடும்.

முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித இடஒதுக்கீடும் பொறியியல் கவுன்சலிங் வழியாகச் சேர்பவர்களுக்கு உரியவை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கவுன்சலிங்கில் வராது. இந்தத் தகுதி உள்ள குடும்பங்கள், கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் வேறெங்கும் பெரிய தொகை கட்டிவிட வேண்டாம்.

கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். 2024-25 கல்வியாண்டில், செப்டம்பர் 30-க்குள் விலகியவர்களுக்கு முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31-க்குள் விலகியவர்களுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியையும் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. அறிவித்திருந்தது. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், நடப்பு ஆண்டின் அறிவிப்பை யு.ஜி.சி. தளத்தில் பாருங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை. மறுத்தால் யு.ஜி.சி-யின் ‘இ-சமாதான்’ தளத்தில் புகார் செய்யலாம். அதற்கு ரசீது தேவை. அதனால், ஏஜென்ட் கையில் பணம் கொடுக்காமல், பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே செலுத்தி ரசீது வாங்குங்கள்.

சேரும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்?
2. இந்தத் துறையில் சேர்ந்தவர்கள், முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள் எத்தனை பேர்? இடைநிலைச் சம்பளம் என்ன?
3. இந்தப் படிப்புக்கு என்.பி.ஏ. உண்டா? எந்த ஆண்டு வரை?
4. ஹாஸ்டல், தேர்வு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து நான்கு ஆண்டுச் செலவு எவ்வளவு? கட்டணம் இடையில் உயருமா? ஸ்காலர்ஷிப் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும்?
5. எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும்?

பதில்களை இமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். போனில் தாராளமாகச் சொல்லும் வாக்குறுதியை எழுத்தில் தரத் தயங்கும் இடத்தில், முன்பணம் கட்ட அவசரப்பட வேண்டாம்.