கராஷிமாவுக்குக் கைதட்டினோம், அப்புறம்?

ஜப்பான் பவுண்டேஷன் 1973 முதல் விருது வழங்கி வருகிறது. கலை பண்பாடு, ஜப்பானிய மொழி, ஜப்பானியல் ஆய்வு என இன்று அதற்கு மூன்று பிரிவுகள். தன் மொழியைக் கற்பிக்கும் அயலாரை ஒரு நாடு தேடிச் சென்று சிறப்பிக்கிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது.

நம் பக்கம் பெருமைப்பட நமக்கும் ஒருவர் உண்டு. பேராசிரியர் நொபொரு கராஷிமா 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் பயின்றவர். சோழர் கல்வெட்டுகளில் ஆயுளைக் கழித்தவர். 1995 இல் தஞ்சை உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது ஆராய்ச்சி மன்றத்தின் தலைவர் அவர்தான். 2013 இல் இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. பிரதமர் மன்மோகன் சிங் தோக்கியோவிலேயே அதை நேரில் வழங்கினார். 2015 இல் அவர் மறைந்தார். தமிழ் விழா மேடைகளில் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் கைதட்டல் கிடைக்கும். ஒரு ஜப்பானியரே தமிழ் படித்தார் என்ற பூரிப்பு! அந்தக் கைதட்டலோடு நாம் நின்றுவிடுகிறோம் என்பதுதான் என் குறை.

நான் செர்டாங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. என் தாத்தாவுக்கும் ஜப்பானிய மொழி தெரியும். இச்சி, நீ, சான்... பத்து வரை. சயாம் மரண ரயில் பாதையில் ஆள் கணக்கெடுக்கும்போது காதில் விழுந்தது. கணக்கில் குறைந்தவர்களைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களில் பெரும்பாலோர் கதை எழுதப்படவே இல்லை.

ஆனால் எதிர்ப்பக்கத்தில் எழுதியவர்கள் உண்டு. கஞ்சனாபுரியில் ஜப்பானிய ராணுவ மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகாசே தகாஷி, போருக்குப் பின் பலமுறை அங்கே திரும்பிச் சென்றார். அந்த அனுபவத்தைத் தம் மொழியில் நூலாகவும் எழுதினார். அத்தகைய நூல்களை மூலத்திலேயே படித்துத் தமிழில் தர நம்மில் எத்தனை பேர்?

ஆள் இல்லாமல் இல்லை. 1982 இல் கெடாக்காரரான டாக்டர் மகாதீர் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்த பிறகு நம் மாணவர்களும் ஜப்பான் போய்ப் பொறியியல் படித்துத் திரும்பினார்கள். (அவருக்கு 2018 இல் ஜப்பான் தன் உயரிய விருதுகளில் ஒன்றை அளித்தது.) மொழித் திறன் தேர்வில் தேறிய தமிழ் மாணவர்கள் நம் வளாகங்களிலும் இருக்கிறார்கள். குளிம் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் அந்தச் சான்றிதழ் கோப்புக்குள் போய்விடுகிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை, வயிறு முக்கியம். அந்த மொழியை வைத்து வேறு ஏதாவது செய்யும்படி தமிழ் உலகம் அவர்களைக் கேட்டதே இல்லை.

ஆகவே நம் கழகத்துக்கு என் கோரிக்கை இது: கவிதைக்கும் சிறுகதைக்கும் பரிசு தருகிறோம் அல்லவா? ஜப்பானிய மொழியிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வரும் ஒரு பத்துப் பக்க மொழிபெயர்ப்புக்கும் ஆண்டுதோறும் ஒரு பரிசு வையுங்கள். பரிசுத் தொகை சிறிதாக இருந்தாலும் போதும். ஆங்கிலம் வழியாக வந்தது வேண்டாம். நடுவருக்கு எங்கே போவது என்பீர்கள். ஜப்பானில் படித்துத் திரும்பிய முன்னாள் மாணவர்களே, இந்த மலர் உங்கள் கைக்கும் வருகிறது. கழகச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.