செட்டிநாட்டு வீடுகள்: இடிப்பதா, திருத்துவதா?

செட்டிநாட்டிலே பழைய வீடுகள் ஒவ்வொன்றாய் மறைந்து வருகின்றன. இதற்குச் சாட்சியம் வேண்டுவோர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருட் கடைகளுக்குச் சென்று பார்க்கலாம். பர்மாத் தேக்குத் தூண்களும், சித்திர வேலை செய்த நிலைக்கதவுகளும் அங்கே விலைக்கு நிற்கின்றன.

கடல் கடந்து தேடிய பொருளைக் கொண்டு எழுந்தவை இவ்வீடுகள். 1942-ஆம் வருஷத்தில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். 1948-இல் சுதந்திரமடைந்த பர்மா, நிலங்களைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. வருவாய் போயிற்று, வீடு நின்றது. வாரிசுகளோ பிழைப்பை நாடிப் பட்டணங்களுக்குச் சென்றனர்.

இக்காலக் குடும்பத்துக்கு இவ்வீடுகள் ஏற்றவையல்ல என்பது இடிப்போர் கூறும் வாதம். இதனை நாம் ஒப்புவதற்கில்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் இவ்வீட்டில், வளவைச் சுற்றி மணமான பிள்ளைகளுக்குத் தனித்தனி அறைகள் உண்டு. மணமான மகனை வேறு வைப்பது நகரத்தார் வழக்கம். ஒரு கூரையின் கீழ் ஒவ்வொரு புள்ளியும் தனித்தே உலை வைத்தது. ஆகவே சிறு குடும்ப வாழ்க்கை இவ்வீட்டுக்குப் புதிதன்று. குறைவாயிருப்பவை குழாய்நீர், கழிவறை, மின்சாரம், வசதியான அடுக்களை ஆகியவையே.

இவற்றைச் சேர்ப்பதற்கு வீட்டை இடிக்க வேண்டுவதில்லை. நீர் புழங்கும் இடங்களைப் பின்கட்டில் வெளிச்சுவரை ஒட்டி அமைத்தால் குழாய் ஒழுகினும் மரத்துக்குக் கேடில்லை. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசுவது பெரும் பிழை; ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிச் சுவரை அரித்துவிடும். வளவின் வானவெளியைக் கான்கிரீட்டால் மூடுவதோ காற்றையும் வெளிச்சத்தையும் மழைநீரையும் ஒருங்கே இழப்பதாகும். தரை பெயர்ந்தால், கண்ணாடித் தட்டின்மேல் கையால் வார்க்கும் ஆத்தங்குடிக் கல் அருகிலேயே கிடைக்கிறது. அதை விடுத்துத் தூரதேசத்துப் பளபளப்பை நாடுவோர் சுதேசியம் பேசி என்ன பயன்?

உண்மையான இடையூறு கொத்தனாரிடம் இல்லை; பாகத்தில் இருக்கிறது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். 2005-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளிர்க்கும் பிறப்பால் சம உரிமை அளித்தது. அது நீதியே, அதைக் குறைகூறுவோருடன் நாம் சேரோம். ஆனால் பங்கு வகுக்க முடியாத வீடு கோர்ட்டுக்குப் போனால் என்னாகும்? 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பாதிப் பங்குக்குக் குறையாதவர்கள் கேட்டால் வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்கக் கோர்ட்டு உத்தரவிடலாம். எனினும் அதே சட்டம், மற்றப் பங்காளி மதிப்பு விலை கொடுத்து அப்பங்கை வாங்கிக்கொள்ளவும் இடமளிக்கிறது. அந்நியர் ஒரு பங்கை வாங்கிப் பாகம் கோரினாலும், குடும்பத்தார் அதை மீட்டுக்கொள்ள வழியுண்டு. இவ்வுரிமைகளை அறியாமலே பலர் தரகர் கையில் வீட்டை ஒப்படைக்கின்றனர்.

வழக்குக்கு முன்பே பங்காளிகள் கூடி, குடியிருப்பவர் யார், பழுதுபார்க்கும் செலவு யாருடையது, விசேஷ காலங்களில் மற்றவர்க்குள்ள உரிமை யாது என்பவற்றை எழுத்தில் முடித்துப் பதிவு செய்துகொள்வதே உத்தமம். சில வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. இடிவதினும் அது மேல். ஆயினும் விருந்தாளி மட்டும் தங்கும் வீடு காட்சிப் பொருளாகுமேயன்றிக் குடும்பமாகாது.

சர்க்காருக்கும் கடமை உண்டு. 2014-இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல் கூரையை ஓடு மாற்றித் தராது. குடியிருந்து பாதுகாப்போர்க்கு வீட்டுவரியில் சலுகையும், பழுதுபார்க்கக் குறைந்த வட்டிக் கடனும், சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தர்க்குப் பயிற்சிக்கூடமும் அளிப்பது பெருஞ்செலவாகாது.

தூண் விற்ற பணம் சில மாதத்தில் கரையும். விற்ற தூணை மறுபடி நிறுத்த அந்தத் தேக்கும் கிடைக்காது, அந்தத் தச்சரும் கிடைக்கமாட்டார். பங்காளிகள் இதைக் கடப்பாரை எடுப்பதற்கு முன்னரே யோசிப்பார்களாக.