துவண்டால் போதும்!

பக்கத்து வீட்டுப் பெண் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறாள். போன வாரம் முகம் வாடி வந்து நின்றாள். "அக்கா, ரத்தம் 9 தான் இருக்காம். மாத்திரை குடுத்து, கீரையும் சாப்பிடச் சொன்னாங்க. ஆனா செஞ்சா கசக்குது. டப்பா அப்படியே திரும்பி வருது."

அவள் மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை.

அவள் அடுப்பைப் போய்ப் பார்த்தேன். முருங்கைக்கீரையை நிறைய தண்ணீர் விட்டு, மூடி போட்டு, 20 நிமிடம் வேகவைத்திருக்கிறாள். நிறம் கறுத்து, குழைந்து கிடந்தது. தென்மாவட்டங்களில் செய்யும் துவட்டலைச் சொல்லிக் கொடுத்தேன். கீரையைத் துவள வைப்பதுதான் துவட்டல்.

இளம் முருங்கை இலை 3 கப் எடுத்து, அலசி, நீரை வடியவிடுங்கள். அகலமான வாணலியில் 1 டீஸ்பூன் எண்ணெய் விட்டு, மிதமான தீயில் கீரையைப் போட்டு, கை நீர் தெளித்துப் பிரட்டுங்கள். மூடி வேண்டாம், மூடினால் பச்சை நிறம் போய்விடும். ஐந்தாறு நிமிடத்தில் துவண்டு, பாதிக்கும் கீழே சுருங்கும். உப்பை அப்போது போடுங்கள். முதலிலேயே போட்டால் கரிக்கும்.

இனி தாளிப்பு. 2 டீஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய வரமிளகாய், தட்டிய பூண்டு 4 பல், நறுக்கிய சின்ன வெங்காயம் 10 போட்டுச் சிவக்க விடுங்கள். சூடாக அப்படியே கீரைமேல் கொட்டிக் கிளறி இறக்குங்கள். வறுத்துப் பொடித்த வேர்க்கடலை 2 ஸ்பூன் தூவினால் கசப்பு தெரியாது.

டப்பாவில் எலுமிச்சைத் துண்டு ஒன்றைத் தனியாக வையுங்கள். சாப்பிடும்போது பிழிந்துகொண்டால், அதிலுள்ள வைட்டமின் சி கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். சாப்பிட்ட கையோடு டீ மட்டும் வேண்டாம். அது இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரம் போகட்டும்.

"மாத்திரையை நிறுத்திடாதே, கீரை அதுக்குத் துணைதான்" என்றும் சொல்லி அனுப்பினேன்.

நேற்று வாசலில் நின்று டப்பாவைத் திறந்து காட்டினாள். எலுமிச்சைத் தோல் மட்டும்தான் மிச்சம்.