கல்லீரலை அழிப்பவர் யார்?



மஞ்சள் காமாலை என்றவுடன் கீழாநெல்லியைத் தேடுவதும், கண்ணில் மஞ்சள் மறைந்தவுடன் நோயையே மறந்துவிடுவதும் நம் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். அதனைச் சற்று ஆராய்தல் நன்று. புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதும் யான் மருத்துவன் அல்லேன். நூல்களிற் கற்றதையே கூறுகின்றேன்.

நம்மவர் சிலர் வணிகத்திற்கும் அரசாங்கப் பணிக்கும் சென்று வாழும் கார் நிக்கோபார்த் தீவை எடுத்துக்கொள்வோம். போர்ட் பிளேயர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் நிக்கோபாரியரின் குருதியைச் சோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் ஹெபடைடிஸ் பி என்னும் வைரஸ் இருக்கக் கண்டனர். இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு மூன்று நான்கு பேரிடமே அது உண்டு. ஆயினும் இக்கிருமியைத் தாங்கியவருள் பெரும்பாலோர் பல்லாண்டுகள் நோய்க்குறி யாதுமின்றி நடமாடுவர். இஃது எங்ஙனம்?

விடை வியப்பானது. இவ்வைரஸ் ஈரல் அணுக்களிற் குடிபுகுந்து பெருகுமேயன்றித் தானே அவற்றைக் கொல்வதில்லை. கொல்பவை நம் வெள்ளையணுக்களே! கிருமி புகுந்த அணுவை அவை அடையாளங்கண்டு, 'நீ மடிக' என ஆணையிடுகின்றன. அவ்வணு சுருங்கிச் சிறு பொட்டலங்களாகப் பிரிய, பிற அணுக்கள் அவற்றை விழுங்கிவிடும். 1972ஆம் ஆண்டில் கெர், வில்லி, கரி என்னும் அறிஞர் மூவர் இத்தகைய சாவிற்கு, 'இலையுதிர்தல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் பெயராக இட்டனர். வேறொரு சாவும் உண்டு. அதில் அணு வெடித்து உள்ளிருப்பது வெளியே சிந்தும். அது கண்டு மேலும் வெள்ளையணுக்கள் திரண்டு வரும். இத்திரளே அழற்சி.

வளர்ந்தவர் உடலிற் கிருமி புகுந்தால், போர் கடுமையாக நடந்து பெரும்பாலும் சில திங்களில் முடிந்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் கிருமியை ஒழித்துவிடுகின்றனர். பிறந்த குழந்தைக்கோ அக்கிருமி பகையென்றே தெரிவதில்லை. எனவே காமாலை வாராது. ஆனால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் கிருமி நிலைத்துவிடும். பின்னாளில் வெள்ளையணுக்கள் விழித்தெழுந்து, வெல்லவும் இயலாமல் விடவும் மனமில்லாமல் ஆண்டுக்கணக்கிற் பொருதுகின்றன. அணுக்கள் மடிவதும் புதியன முளைப்பதுமாக ஈரல் வடுப்பட்டுச் சுருங்குகிறது. சிலருக்குப் புற்றுநோயும் தோன்றுகிறது. ஆகவே மஞ்சள் தோன்றாமை நலத்திற்குச் சான்றாகாது.

கீழாநெல்லியைப் பழிப்பது என் நோக்கமன்று. சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ். பி. தியாகராஜன் முதலானோர், இவ்வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்குடன் சேர்ந்து, 1988இல் அம்மூலிகை பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். அது நம்பிக்கை ஊட்டியது. எனினும் பின்னர்ப் பிறர் செய்த ஆய்வுகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

உறுதியான காப்பு தடுப்பூசியே. கார் நிக்கோபாரில் 2000ஆம் ஆண்டில் முஸ் உள்ளிட்ட இரண்டு ஊர்களில் அதனை இடத் தொடங்கினர். பின்னர் நாடெங்கும் குழந்தைகளுக்கான அரசாங்கத் திட்டத்திலும் அது சேர்ந்தது.

தாய்மார்கள் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளவேண்டும். கருவுற்ற காலத்திலேயே இக்கிருமிக்குக் குருதியைச் சோதித்துக்கொள்க. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி இடப்பட்டதா என்று கேட்டறிக. அது நாள் கடத்தத் தக்கதன்று. அதன்பின் 6, 10, 14 ஆம் வாரங்களின் ஊசிகளையும் தவறவிடாதீர். பணிமாற்றமும் கப்பற் பயணமும் நேரும் குடும்பங்களில் இவை விடுபடுதல் எளிது. ஊசி அட்டையைக் கையோடு கொண்டு செல்க.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இக்கிருமி குருதியாலும், தூய்மையற்ற ஊசியாலும், பிறர் சவரக் கத்தியாலும், உடலுறவாலும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். உடனிருந்து உண்பதாற் பரவாது. ஆதலின் அண்டை வீட்டு நிக்கோபாரிக் குழந்தையோடு நம் குழந்தை விளையாடுவதைத் தடுக்க வேண்டா. ஒதுக்குவதால் நோய் விலகாது, ஊசியால் விலகும்.