கலவையை முதலில் பாருங்கள்

குமரிக் கடற்கரை வள்ளங்களில் ஓடும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் பெட்ரோலில் கிளம்பும். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். எரிபொருளில் கலந்து உள்ளே போகும் ஆயில்தான் அதன் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். அதனால் மோட்டார் முரண்டு பிடித்தால் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் கலவையைச் சோதிப்பதே சரி.

50-க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி ஆயில். 25-க்கு 1 கேட்கும் பழைய மோட்டாருக்கு 400 மில்லி. கண்மதிப்பாக ஊற்றும் பழக்கம் ஆபத்தானது. ஆயில் குறைந்து நடுக்கடலில் பிஸ்டன் இறுகிப்போனால் ஆபத்து இயந்திரத்துக்கு மட்டுமல்ல, ஆளுக்கும்தான். ஆயில் கூடினால் புகை கக்கும், பிளக்கில் கரி படியும். கார் இன்ஜின் ஆயிலை ஊற்றுவதும் தவறு. அதிலுள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து சாம்பலாகத் தங்கிவிடும். டிசி-டபிள்யூ3 தர ஆயிலே இதற்கு ஏற்றது.

சோதனை எளிது. பழைய எரிபொருளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள்; தண்ணீர் இருந்தால் அடியில் பிரிந்து நிற்கும். பிறகு அளந்து கலந்த புது எரிபொருளை வேறொரு கேனில் இருந்து கொடுத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் சீராக ஓடினால் பழுது பழைய டாங்கிலோ அதன் குழாயிலோ, அதிலிருந்த கலவையிலோதான். வேகமெடுக்கும்போது திணறி, குழாயிலுள்ள ரப்பர் பல்பை அமுக்கியதும் தேறினால், அடுத்துப் பார்க்க வேண்டியது எரிபொருள் பம்ப்.